காற்று இலவசம்

கல்லாங்காட்டுப் பிரிவு பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் மெஷின் செத்துப்போனபோது அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் காற்று நிற்கவில்லை. காலை பத்து மணிக்கு மெஷின் ஒரு தும்மல் போட்டு அடங்கியது, ராசாமணி அப்போது ஒரு கோழித்தீவன வண்டியின் பின் டயருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள், ஹோஸின் ஒரு முனை டயரில் இருந்தது, மறுமுனை மெஷினிலிருந்து கழன்று புழுதியில் அவள் காலடியில் கிடந்தது, ஆனாலும் டயர் ஏறிக்கொண்டே போனது, மீட்டரில் முள் முப்பதைத் தாண்டி ஐம்பதைத் தாண்டி எண்பதுக்குப் போனது, ராசாமணிக்கு மட்டும் மார்புக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருந்தது. சேலைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு இருமல் இருமினாள். டிரைவர் பத்து ரூபாயை நீட்டினான். "பாத்துக் குடுங்க சாமி" என்றாள். இன்னொரு அஞ்சு ரூபாய் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

மத்தியானம் சோத்துத் தூக்குப்போசியோடு வந்த மகள் கோகிலவாணிதான் முதலில் கண்டுபிடித்தாள். அவளுக்குப் பதினெட்டு வயசு, பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு முட்டைக் கொட்டகையில் அடுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், கண்ணில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அம்மா, மெஷின் ஓடுலியே."

"ஓடுலியா? காத்து வருதே கண்ணு."

"உன்ற மூச்சும்மா அது."

ராசாமணி ஹோஸைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், வரிசையில் நின்ற நாலு வண்டிகளைப் பார்த்தாள். "சரி, வண்டி நிக்குது" என்று எழுந்துபோனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பங்க்கில் பெட்ரோல் போடுகிற பெண்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு, வாசல் கூட்டுகிறவருக்கு உண்டு, வாட்ச்மேனுக்கு உண்டு, அவர் வளர்த்த நாய்க்குக்கூட மத்தியானம் ஒரு பாக்கெட் பிஸ்கட் உண்டு. காற்றடிக்கிற ராசாமணிக்குக் கிடையாது. முதலாளி நாச்சிமுத்து அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார், அதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பல் குத்திக்கொண்டே சொல்வார்: "பெட்ரோல விக்கறேன், அதுக்கு ஆள் வெச்சுச் சம்பளம் குடுக்கறேன். காத்த விக்கறதில்லீங்களே. போர்டப் பாருங்க. விக்காத சாமானுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா?" போர்டில் நீலப் பெயிண்டில் 'காற்று இலவசம்' என்று எழுதியிருந்தது. அந்தப் போர்டுக்குக் கீழேதான் ராசாமணி பன்னிரண்டு வருஷமாக நின்றாள், போர்டில் எழுதாததை வாயால் சொல்லிக்கொண்டு: பாத்துக் குடுங்க. ஐந்து ரூபாய் கொடுத்தாலும் பார்த்ததுதான், ஐம்பது கொடுத்தாலும் பார்த்ததுதான், ஒன்றும் கொடுக்காமல் போனால் பார்க்கவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

மெஷின் செத்த விஷயம் ஒரு வாரத்தில் பிரிவு ரோடு முழுக்கத் தெரிந்துபோனது. முதல் மூன்று நாள் சனங்கள் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்தார்கள், நாலாவது நாள் எட்டிப்பார்ப்பதை விட்டுவிட்டார்கள், ஐந்தாவது நாள் அந்தக் காற்று நல்ல காற்று என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ராசாமணி காற்று அடித்தால் டயர் சூடேறுவதில்லை, மைலேஜ் ரெண்டு கிலோமீட்டர் கூட வருது, காசு வாங்கிக்கொண்டு அடிக்கிறானே நைட்ரஜன், அதைவிட இது குளுமை, குழந்தை பெற்ற உடம்பின் மூச்சல்லவா என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போகிற லாரிகள் எல்லாம் கல்லாங்காட்டுப் பிரிவில் ஓரங்கட்டின. புது வண்டி எடுத்தவர்கள் கோயிலுக்குப் போய்ப் பூசை போட்டுவிட்டு நேரே ராசாமணியிடம் வந்தார்கள். நாச்சிமுத்து செத்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார், கரண்டு பில் பாதியாகக் குறைந்தது. வந்த பணத்தில் போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். 'இலவசம்' என்பதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு பூ வரையச் சொன்னார்.

மூச்சோடு டயருக்குள் வேறு என்ன போகிறது என்பது ஆடி மாதத்தில் தெரிந்தது. பங்க்குக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த ஜமால், கணக்கு வாத்தியார் சொக்கலிங்கத்தின் ஸ்கூட்டர் டியூபைத் தண்ணித் தொட்டியில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். குமிழி குமிழியாக வந்தது. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது ஒரு சொல் கேட்டது, ராசாமணியின் குரலில், தெள்ளத் தெளிவாக.

"இந்த. வாத்தியாரு. ஒத்த. ரூவா. தந்ததில்ல."

ஜமால் டியூபைத் தூக்கினார். நின்றது. முக்கினார். "வெயிலு. மண்டையப். பொளக்குது."

"வாத்தியாரே, இது உங்களுக்கு வந்த சேதிங்க" என்றார் ஜமால்.

ராசாமணி காற்றடிக்கும்போது எந்தச் சொல்லைச் சொல்லாமல் விழுங்கினாளோ அந்தச் சொல் மூச்சோடு டயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்பதைச் சனங்கள் புரிந்துகொள்ள ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அதற்கப்புறம் பஞ்சர் ஆனவர்கள் எல்லாம் ஜமாலின் தொட்டியைச் சுற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முழங்கால் வலிக்குது என்றது ஒரு டயர். ஒதுங்க ஒரு இடமில்ல, காலைலருந்து தண்ணி குடிக்காம நிக்கறேன் என்றது ஒரு பெண்ணின் மொபெட் டயர், அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப்போய் ராசாமணி கையில் இருபது ரூபாயைத் திணித்துவிட்டு வந்தாள். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அஞ்சு கொடுத்தவர்கள் பத்து கொடுத்தார்கள், பத்து கொடுத்தவர்கள் இருபது. கொடுத்துவிட்டு மனசு லேசாகி வண்டியை எடுத்தார்கள். பாவம் என்று கொடுக்கக் காசு இருந்தது, நியாயம் என்று ஒரு வார்த்தை நாச்சிமுத்துவிடம் போய்ச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

காசு கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். காசோடு சேர்ந்து கூடியது ராசாமணியிடம் வருகிற வண்டி. வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு மூச்சு போகிறது. ஒரு நாளைக்கு அறுபது டயர் அடித்தவள் இருநூறு அடித்தாள். கன்னம் ஒட்டியது, காக்கிச் சட்டை கொடியில் காயப்போட்ட மாதிரி உடம்பில் ஆடியது, குரல் தேய்ந்து தேய்ந்து மார்கழியில் சுத்தமாக நின்றுபோனது. பாத்துக் குடுங்க என்று சொல்லவும் மூச்சு இல்லாமல் கையை மட்டும் நீட்டினாள். கோகிலவாணி முட்டைக் கொட்டகைக்குப் போவதை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள், ஒரு வாரம் வராதவளைக் கொட்டகைக்காரர் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்.

ஒரு நாள் ஜமாலின் கடையில் இந்தப் பேச்சு வந்தது. வாத்தியார் இருந்தார். பத்து டயர் லாரி ஓட்டுகிற தேனிக்காரர் சுருளிவேல் இருந்தார், அவர் வந்தால் ராசாமணிக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையாது, மனுஷன் தங்கம் என்று பேர்.

"டிப்ஸுங்கறதே தப்பு" என்றார் வாத்தியார். "வேல வாங்கறவன் சம்பளம் குடுக்கோணும். நாம குடுக்கக் குடுக்க அவன் குடுக்க மாட்டான். கொள்கையாவே நான் குடுக்கறதில்ல."

"போங்க சார்" என்றார் சுருளிவேல். "மாசச் சம்பளம்னு வந்துட்டா வண்டியக் கண்டதும் எந்திரிச்சு ஓடி வருமா அந்தக்கா? உக்காந்த எடத்துலருந்து கையக் காட்டும். நாங்க மனசு வந்து குடுக்கறோம், அது மனசாரச் செய்யுது. நடுவுல சட்டம் எதுக்கு?"

"எந்திரிச்சு ஓடறதுக்கு உள்ள மூச்சில்லீங்கண்ணா" என்றாள் அம்மாவுக்குத் தண்ணி வாங்க வந்திருந்த கோகிலவாணி.

"அதுக்குத்தாம்மா சேத்துக் குடுக்கறேன்."

"நீங்க பாவம்னு குடுக்கறீங்க. சாரு கொள்கைன்னு குடுக்கறதில்ல. மொதலாளி காத்து ஓசின்னு குடுக்கறதில்ல. மூணு பேருகிட்டயும் ஆளுக்கொரு நியாயம் இருக்குது, மூச்சு மட்டும் எங்கம்மாளோடது. நான் முட்டைக் கொட்டகைல இருந்தவ. அங்க கோழிக்குத் தீவனம் அளந்து வெக்கறாங்க, வேளைக்கு வெக்கறாங்க. எந்தக் கோழிக்கும் எவனும் பாத்து வெக்கறதில்ல."

வாத்தியார் சிரித்தார். "உவமை நல்லாருக்குது. நீ படிச்சிருக்கலாம்."

"சாரு அந்தக் கொள்கைய ரோட்டுக்கு அந்தாண்ட போய் மொதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாம்."

வாத்தியார் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

தை மாதத்தில் ஒரு தொழிலாளர் துறை அதிகாரி ஜீப்பில் வந்தார், யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள், போட்டது கோகிலவாணிதான், கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும் பேனா நின்றுபோயிருந்தது. அவர் ராசாமணியைக் கூப்பிட்டு, நீ இங்கே வேலை செய்கிறாயா, யாரிடம் சம்பளம் வாங்குகிறாய், வாயைத் திறந்து சொன்னால்தான் எழுதிக்கொள்ள முடியும் என்றார். ராசாமணி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மகள் சொல்ல வந்ததை, சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்று நிறுத்திவிட்டார். நாச்சிமுத்து எடுத்துக் காட்டிய ஆட்கள் பேரேட்டில் அவள் பெயர் இல்லை. அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டார். ஜீப்புக்குக் காற்று அடித்துக்கொண்டு இருபது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் கோகிலவாணிக்கு ஒரு விஷயம் உறைத்தது. அம்மாவின் வாய்க்குள் பேச்சு இல்லை, சரி. பேச்சு இருக்கிற இடம் தெரியுமே. நாச்சிமுத்துவின் வெள்ளைக் காருக்கு வாரம் தவறாமல் காற்றடித்தது அம்மாதான். முதலாளியிடம் கை நீட்டக்கூடாது என்பதால் அந்த நாலு டயருக்கும் ஒரு பைசா வாங்கியதில்லை. கை நீட்டாத இடத்தில்தான் அதிகம் விழுங்கியிருப்பாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, பங்க்கில் வண்டிகள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில், அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட ஆயில் டப்பா மேல் உட்காரவைத்தாள். சுருளிவேலின் லாரி வரிசையில் இருந்தது. வாத்தியார் ஸ்கூட்டரோடு நின்றார். நாச்சிமுத்து ஆபீஸ் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார். கோகிலவாணி முன் டயரின் வால்வு மூடியைக் கழற்றி உள்ளே இருந்த ஊசியை ஆணியால் அமுக்கினாள்.

"மெஷின ரிப்பேர் பண்ணுங்க சாமி" என்றது டயர். ராசாமணியின் பழைய குரல், வெங்கல மணி அடிக்கிற மாதிரிக் கணீரென்ற குரல். பெட்ரோல் போடுகிற பெண்கள் பெட்ரோல் குழாயின் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

இரண்டாவது டயர்: "பன்னண்டு வருசமாச்சுங்க. மாசம் பொறந்தா இவ்வளவுன்னு ஒண்ணு சொல்லிருங்க. கொறச்சலாக்கூடச் சொல்லுங்க. ஆனாச் சொல்லிருங்க."

மூன்றாவது டயர்: "உக்கார ஒரு ஸ்டூலு."

நாலாவது டயரிலிருந்து காற்று ரொம்ப நேரம் வெறுமனே வந்தது. கடைசி மூச்சு வெளியேறும்போதுதான் சொன்னது: "என்ற புள்ளைய மட்டும் இதுக்குக் கேக்காதீங்க சாமி."

கார் நாலு சக்கரமும் தரையில் ஒட்டி, யானை மண்டியிட்ட மாதிரி உட்கார்ந்தது. எல்லாரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் பல்குச்சியைத் தூக்கி எறிந்தார், காரைச் சுற்றி ஒரு நடை வந்தார், நாலு டயரையும் காலால் ஒவ்வொரு உதை உதைத்துப் பார்த்தார்.

"சரி ராசாமணி. பேசலாம். நானென்ன பேச மாட்டேன்னா சொல்றேன்?" என்றார். "மொதல்ல காத்த அடி. சேலத்துல கல்யாணம் இருக்குது, போயிட்டு வந்து பேசலாம்."

இதைச் சொன்னது அவர் கெட்ட மனுஷன் என்பதால் இல்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டது. அதுதான் மோசம்.

ராசாமணி எழுந்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், 'காத்த அடி' என்றால் உடம்பு தானாக எழுந்துவிடும். கோகிலவாணி தடுப்பதற்குள் ஹோஸை எடுத்துவிட்டாள், முன் டயரில் சொருகிவிட்டாள், மீட்டரில் முள் ஒரு கோடு நகர்ந்தது, அந்த ஒரு கோட்டோடு அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கோகிலவாணி மடியில் தாங்கினாள். உடம்பில் கனமே இல்லை. காற்றுப் போன டியூபைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

கோகிலவாணிக்கு அப்போது மூளை வேகமாக ஓடியது. உள்ளே போனது வெளியே வராதா? அவள் ஹோஸைத் தூக்கிக்கொண்டு லாரியைப் பார்த்துக் கத்தினாள். "சுருளியண்ணா! உங்க டயர்ல பத்துலயும் எங்கம்மா மூச்சுதான் இருக்குது. ஒண்ணத் தெறங்க. ஹோஸ மாட்டி அம்மா வாயில வெக்கறேன். ஒரே ஒரு டயரு. ஸ்டெப்னியாவது குடுங்க!"

சுருளிவேல் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தவர்தான், டயர் என்றதும் நடை தளர்ந்தது. "லோடு இருக்குதும்மா. முப்பது டன்."

"ஒரு டயருண்ணா."

"அஞ்சு வருசமா அம்பது அம்பதாக் குடுத்திருக்கேன்ல?" என்றார் அவர், குரல் உடைந்துபோய், கெஞ்சுகிற மாதிரி. "ஓசில வாங்கலியேம்மா. காசு குடுத்து வாங்கின காத்தும்மா அது."

கோகிலவாணி வாத்தியார் பக்கம் திரும்பினாள். வாத்தியார் ஸ்கூட்டரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இதை முதலாளிதான் செய்யணும், நான் தனி ஆள், ஒருத்தன் செய்து என்ன மாறப்போகிறது என்று சொல்லிக்கொண்டே வண்டியைப் பின்னால் தள்ளினார். ஜமால் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒட்டுப்போட்ட ஒரு டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தார், அதில் இருந்தது அரை மூச்சு, அதை மாட்டுவதற்குள் ஒட்டு விட்டுப்போய் நடுரோட்டிலேயே "பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடங்கியது.

மற்றவர்கள் சும்மா நின்றார்கள் என்று சொல்லக்கூடாது. அவர்கள் பர்ஸை எடுத்தார்கள். முதலில் மொபெட்காரப் பெண் அழுதுகொண்டே ஒரு நூறு ரூபாயை ராசாமணியின் மடியில் வைத்தாள். அப்புறம் கார்க்காரர்கள், டெம்போக்காரர்கள், பங்க் பெண்கள், சுருளிவேல் ஒரு ஐந்நூறு, வாத்தியார்கூட வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்து ரூபாய். நாச்சிமுத்து சட்டைப்பையில் இருந்ததை எண்ணாமல் எடுத்துவைத்தார். மடி நிறைந்து, வயிறு நிறைந்து, மார்பு வரைக்கும் நோட்டு ஏறியது. ஒருத்தர்கூட ஒரு வால்வைத் திறக்கவில்லை. யாரோ கடைசியாக ஒரு இருபது ரூபாய்த் தாளை மூக்குக்குக் கீழே கழுத்தில் வைத்தார்கள், புதுத்தாள், லேசான தாள். அது அசையவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

நாச்சிமுத்து புது மெஷின் வாங்கினார். அதை ஓட்டத் தெரிந்த ஆள் சேலத்திலிருந்து வந்தான், வந்ததும் சம்பளம் பேசினான், முன்பணம் கேட்டான், ஞாயிற்றுக்கிழமை லீவு என்றான், உட்கார ஸ்டூல் எங்கே என்றான். எல்லாம் கிடைத்தது. ஆனால் சனங்களுக்குத் திருப்தி இல்லை, இந்தக் காத்து வறண்ட காத்து, அந்தம்மா காத்து மாதிரி வருமா என்று சொல்லிச் சொல்லி வண்டிகள் குறைந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நாச்சிமுத்து ஒரு தட்டுப் பழமும் பழைய ஹோஸுமாகக் கோகிலவாணியின் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணு, அம்மா வேல உனக்குத்தான். வேற யாருக்கும் தர மாட்டேன். உனக்கும் அதே மூச்சு இருக்குமாட்டத்தான் தெரியுது."

"நாலாவது டயரு என்ன சொல்லுச்சு?"

"எந்த டயரு?"

அவர் மறந்துவிட்டார். நடிக்கவில்லை. மறந்தே போய்விட்டார்.

"சம்பளம் எவ்வளவுங்க?" என்றாள் கோகிலவாணி.

"சனங்க உம்மேல பாசமா இருக்கறாங்க. எல்லாம் பாத்துக் குடுப்பாங்க."

கோகிலவாணி உள்ளே போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மெஷின் செத்த அன்றைக்கு மத்தியானம், கையோடு அம்மா காற்றடித்துக் கொடுத்த சைக்கிள், அதற்கப்புறம் அம்மா மூச்சின் மேல் ஏறி உட்கார மனசில்லாமல் அவள் அதை ஓட்டவே இல்லை, அம்மா சாய்ந்த அன்றைக்கும் அது எட்டாத தூரத்தில் வீட்டில்தான் கிடந்தது. முன் டயர் வால்வில் கைவைத்ததும் நாச்சிமுத்து இரண்டு எட்டுப் பின்னால் போனார், தெருவே கேட்க அது தன்னைத் திட்டப்போகிறது என்று நினைத்தார். அவள் திறந்தாள். காற்று வந்தது, நீளமாக, நிதானமாக, அம்மாவின் வெற்றிலை வாசத்தோடு வந்தது, ஒரு சொல் இல்லை. மகளிடம் விழுங்குவதற்கு ராசாமணிக்கு எதுவுமே இருந்ததில்லை.

"ஒண்ணுஞ் சொல்லலியே" என்று நாச்சிமுத்து மூச்சு விட்டார்.

"எனக்குச் சொல்லிருச்சு" என்றாள் கோகிலவாணி. பழத்தட்டையும் ஹோஸையும் அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

பின் டயரை அவள் திறக்கவில்லை. முன் டயருக்குக் கண்டவன் காற்றையும் அடிக்கவில்லை. அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வேலை தேடிப் போனாள், ஸ்பின்னிங் மில்லுக்கு, பைபாஸ் ஓட்டலுக்கு, ஜவுளிக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு. எங்கே போனாலும் உனக்கு என்ன தெரியும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் சம்பளம் எவ்வளவு என்று இவள் கேட்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டு "அதெல்லாம் பாத்து" என்று ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்தால் போதும், முடிப்பதற்குள் சைக்கிளைத் திருப்பிவிடுவாள். முன் சக்கரம் தரையில் தேய, பின் சக்கரம் திண்ணென்று இருக்க, அவள் இன்னும் தள்ளிக்கொண்டுதான் போகிறாள்.